ஆறு கோடுகள்

கச்சேரியில் தந்த படிவத்தின் ஒன்பதாம் கேள்வி:
'கழகத்தின் வரலாறு, சுருக்கமாக.'
கீழே ஆறு கோடுகள்.
ஆறாவது பாதியில் நிற்கிறது,
ரப்பர் முத்திரைக்கு இடம் விட்டு.

செயலாளர் நான். நான்தான் நிரப்பவேண்டும்.
குறிப்பேட்டின் முதல் பக்கங்களைக் கரையான்
எனக்கு முன்பே படித்து முடித்துவிட்டது.
ஆகவே தொடக்கம் ஞாபகத்திலிருந்து:

எண்பத்தொன்றில்
சீனன்குடா மாவாலைக்குக் கோதுமை இறக்கிய கப்பலில்
ஒரு பிரேசில்காரன், சமையல்காரன்.
மூன்று நாள் எங்களோடு மணலில் ஆடினான்,
வெறுங்காலோடு, வயிறு முன்னால் ஓட.
போகும்போது ஒரு முக்கோணக் கொடியை
வசீகரனின் சைக்கிள் ஹாண்டிலில் கட்டிவிட்டுப் போனான்.
அவன் ஊர்க் கழகத்தின் கொடி.
பெரிய ஊரில்லையாம். ஒரு ரயில் நிலையம், ஒரு சீனி ஆலை,
ஞாயிறுதோறும் தோற்கிற ஓர் அணி.
கையாலும் கண்ணாலும் அவன் சொன்னதை
நாங்கள் அப்படித்தான் விளங்கிக்கொண்டோம்.

கொடியின் எழுத்தில் பாதியை உப்புக்காற்றுத் தின்றிருந்தது.
மிச்சத்தைக் கூட்டித் தபால் கந்தோர் குணநாயகம் வாசித்தார்:
'ஊனியாவோ.'
அதையே எங்களுக்கும் வைத்துக்கொண்டோம்.
ஒற்றுமை என்று பொருளாம்.
இருபது வருடம் கழித்துப் பாலையூற்று ஹென்றிக்கஸ் சொன்னார்.
இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்றோம்.
யாரும் கேட்கவில்லையே என்றார்.
அதற்குள் நாங்கள் இரண்டு கழகமாகி
மறுபடி ஒன்றாகி,
பொருளாளர் மட்டும் இருவராக இருந்தார்கள்.

கொடி மஞ்சள், ஆகவே சட்டை மஞ்சள்.
காசில்லை. பதினொரு வெள்ளைப் பெனியனை
மஞ்சள் அவித்த அண்டாவில் முக்கினோம்.
முதல் ஆட்டத்தில் கார்த்திகை மழை.
இடைவேளைக்குள் சாயம் எதிரணிக்கும் ஏறி
இருபத்திரண்டு பேரும் ஒரே கழகம்.
மத்தியஸ்தர் முகம் பார்த்துப் பார்த்து விசில் ஊதினார்.
கரையான் விட்டுவைத்த முதல் பக்கம் இதுதான்:
'செலவு, மஞ்சள் ஒன்றரைக் கிலோ.
வரவு, எல்லோருக்கும் தடிமன்.'

எண்பத்துநாலு. இறுதியாட்டம். கிண்ணியா அணி.
ஒன்றுக்கு ஒன்று.
எழுபத்தோராம் நிமிடம் ஜவ்பர்
கோர்னரில் பந்தை வைத்து
இரண்டடி பின்னால் போகிறார்.
அப்போது ஜீப்பின் ஒலிபெருக்கி. ஊரடங்கு.
கடைசிப் பாதை கிளம்புமுன் அவர்கள் துறைக்குப் போகவேண்டும்.
பந்தை வசீகரனின் கையில் தந்து,
'பிறகு அடிக்கிறன்' என்றார்.

அந்தப் பக்கத்தின் அடியில் வசீகரனின் கையெழுத்து:
'மீதி பத்தொன்பது நிமிடம்.
திகதி பின்னர் அறிவிக்கப்படும்.'

பிறகு கூட்டங்கள் சுருங்குகின்றன.
வந்தோர் ஏழு. வந்தோர் நான்கு.
வராதோர் பத்தியில் பெயர்கள் மட்டும், காரணம் இல்லை.
ஓர் ஆனி மாதத்தில்
வசீகரனின் பெயரும் அந்தப் பத்திக்கு மாறியது,
வேறு யாரோ எழுதிய கையெழுத்தில்.
அப்புறம் வெற்றுத் தாள்கள். எண்ணினேன், இருபத்தாறு.
அந்நாட்களில் கோட்டைப்பக்கத்து மான்கள்
மைதானத்தில் மேய்ந்தன.
பெனால்டிப் புள்ளியில் ஒன்று படுத்து அசைபோட்டதை
முட்கம்பிக்கு இப்பால் நின்று பார்த்திருக்கிறேன்.

கடல் வந்த வருடம் ஒரு கோல்கம்பம் போனது.
திருக்கடலூரில் ஒரு வளவுக்குள் கண்டுபிடித்தோம்,
உடுப்புக் காயப்போட்டிருந்தார்கள்.
குழந்தை உடுப்பு. கேட்க வாய் வரவில்லை.
இன்றைக்கும் எங்கள் வடக்குக் கோலில்
ஒரு பக்கம் இரும்பு, ஒரு பக்கம் கமுகு.

போன மாதம் கிண்ணியாவில் ஒரு கல்யாணம்.
பாலத்தால் போனேன். இப்போது பாதை இல்லை.
மரக்கடை வாசலில் கதிரை போட்டு ஜவ்பர்,
இடது முழங்கால் மடங்காது.
சுகம் விசாரிக்கவில்லை. கேட்டது இதுதான்:
'கோர்னர் இன்னும் எங்கட தானே?'

எழுதினேன்:
ஸ்தாபிதம் 1981. நிறம் மஞ்சள்.
வென்ற கிண்ணம் இல்லை.
மூன்றாம் கோட்டில் பேனா நின்றது.

பத்தாம் கேள்வி, உடைமைகள்.
பந்து இரண்டு, ஒன்றில் காற்று நிற்காது.
கொடி ஒன்று.
பதினோராம் கேள்வி, கடன்கள் ஏதும் இருப்பின்.

கிண்ணியாவுக்கு ஒரு கோர்னர்.